தொண்ணூற்றைந்து

பத்து டன் உருளையை அனுப்பிவிட்டேன் என்கிறார் தௌக்கே,
போனில், தெலுக் இந்தான் சந்தை இரைச்சலுக்கு நடுவிலிருந்து.
ஏன் அது என்று நான் கேட்கவில்லை.
பெரியது. அதனால்தான்.

மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன்.
செம்பனைத் தோட்டத்துப் பின்வாசல் மண்,
ஆறு எப்போதோ விட்டுப்போன சாம்பல் களி.
விரல் திறந்தால்
என் ரேகையோடு உட்கார்ந்திருக்கிறது.
இதன்மேல் வழவழ இரும்பு ஓடினால்
மேலே பளபளப்பு, உள்ளே தயிர்.
இதற்கு ஆட்டுக்கால் உருளை வேண்டும்.
குத்திக் குத்தி
அடியிலிருந்து இறுகி ஏறி வரவேண்டும்,
இனிக் கால் பதியாது என்கிற வரைக்கும்.

பாலம் தாண்டினால் மணல்.
அங்கே அதிர்வு போதும்;
நெரிசல் பஸ்ஸில் குலுக்கலுக்குக் குலுக்கல்
தள்ளி நின்றுகொள்வார்களே, அப்படி.

கோயிலோரக் குழாய்ப் பள்ளத்துக்குள்
தவளை மட்டும்தான் இறங்கும்.
ரஃபிக்குல் இடுப்போடு அணைத்துக்கொள்ள,
பல் கிடுகிடுக்கத் துள்ளும் குட்டி இயந்திரம்.
ராத்திரி சோற்றில் கை வைத்தாலும்
விரல் துள்ளுகிறதாம், சிரித்துக்கொண்டே சொன்னான்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பத்து டன் வந்தது. நாள் முழுக்க அதிர்ந்தது.
லயத்திலிருந்து பச்சையம்மா அக்கா
உடைந்த மங்கின் இரண்டு பாதியையும்
கைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து காட்டினார்.
பேசவில்லை.

சாயங்காலம் தௌக்கே வந்து
சப்பாத்தால் ஓங்கி மிதித்தார். "கெராஸ்!"

கெட்டியா என்று தெரிய
கெட்டியானதைத் தோண்டிப் பார்க்கவேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முழ ஆழம்கூட இல்லாத குழி.
எடுத்த மண்ணை நிறுத்து, காயவைத்து,
குழிக்குள் உலர்மணல் ஊற்றி
எவ்வளவு குடித்தது என்று கணக்குப் போட்டு,
எண்பத்தொன்பது.

"ஆறுதானே குறைச்சல், குணவதி."

கோபுரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
சாய்ந்துபோய் நிற்கிற அதன் எதிர்க்கடையில்தான்
அவர் தினமும் கோப்பி குடிக்கிறார்.
படிவத்தை மட்டும் நீட்டினேன்.
பேனா என்னிடம் இருந்தது;
கையெழுத்து இன்னும் அதற்குள் இருந்தது.

நெடுநேரம் கழித்து ஈப்போவுக்குப் போன் போட்டார்.
லாரி வாடகை கேட்டு
ஹொக்கியனில் ஏதோ சொன்னார்,
மண்ணையா என்னையா தெரியவில்லை.

இரவெல்லாம் மழை.
காலையில் என் குழி நிறையத் தண்ணீர்,
நடுவில் கண்ணை மட்டும் வெளியே வைத்து
நிஜத் தவளை.

ரஃபிக்குல் எட்டிப் பார்த்தான்.
"இதுக்கு டீசல் வேணாம், அக்கா."