சாவி பெட்டிக்குள்

கேள்விகள் முடிவதாயில்லை.
ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்கள்தாம்:
உள்ளேயே வை. தனியே வை. வேண்டாம்.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்.
ராத்திரியெல்லாம் விழித்திருந்து ஒதில்யா
கர்னலை இளைக்க வைத்துக்கொண்டிருந்தாள்.
யுஎஸ்பி? தனியே.
ப்ளூடூத்? கடலுக்கு எதற்கு, வேண்டாம்.
ஒலி? அலைக்கு அதன் ஒலி போதும்.
வட்டைப் படிக்கத் தெரிந்த அந்தச் சிறு நிரல்?
கை நிற்கவேயில்லை,
தனியே.
இத்தனை மிச்சம் பிடித்ததற்கு
மாத்தேவில் கூடுதலாக ஒரு கரண்டிச் சர்க்கரை.

ஜலசந்திக்கு அப்பால், போர்வெனிர் துறையில்,
ஓதம் அளக்கும் பெட்டி
புதுக் கர்னலை வாங்கிக்கொண்டது.
கண்ணை மூடியது.
திறக்கவில்லை.

வட்டைத் திறக்கும் நிரல்
வட்டுக்குள் இருந்தது.

"பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை
உள்ளேயா வைத்தாய்?" என்றான் எலியேசர்.
வழிக்குக் கட்டுச்சோறாய் ஒரு சின்ன மூட்டையை
முதலிலேயே கொடுத்தனுப்பியிருக்கலாம்.
அதிலுமல்லவா மிச்சம் பிடித்திருந்தாள்.

படகில் இரண்டரை மணி நேரம்.
எலியேசருக்குக் குமட்டல்; கறிவேப்பிலைப் பச்சையாய் முகம்.
ஒதில்யா கம்பியைப் பிடித்தபடி
தனக்குள் என்னென்ன உள்ளேயே இருக்கின்றன
என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.
மூச்சு. அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.
விழப்போகையில் தானே நீளும் கை.
ஆங்கிலம் கூப்பிட்டால் வரும்,
வேலை முடிந்ததும் இறங்கிப் போய்விடும்.
குரோவாசிய மொழி எண்ணும்போது மட்டும் வருகிறது,
அதை எதில் சேர்ப்பது?
மன்னிப்புக் கேட்பதைப் பல வருடம்
தனியேதான் வைத்திருந்தாள்.
தேவைப்பட்ட நாளில்
அது கிடந்த அறைக்குக் கதவே இல்லை.

கருவிலே திரு என்பார்கள்.
அத்தனை திருவையும் கருவிலேயே திணித்தால்
கரு பருத்துப் பெட்டி கொள்ளாது.
ஒன்றுமே வைக்காவிட்டால்
வாசல் வரைகூட வராது.
எது இல்லாமல் மற்றதைத் தேடவே முடியாதோ
அது மட்டும்
உள்ளே.

தகரக் கொட்டகையில் கையுறையைப் பல்லால் கழற்றி
ஒரே ஒரு பதிலை மாற்றினாள்.
மடிக்கணினி நாற்பது நிமிடம் முனகியது.
பிறகு பெட்டி விழித்தது,
வரிகள் மேலேறின,
வேர் கிடைத்தது, அதன் பின் ஒவ்வொன்றாய்
தனியே வைத்தவையெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன.

"போன மாதம் அத்தனை பேர் முன்னால்
உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.
சொல் ஏறி வர நேரம் பிடித்தது.

எலியேசர் திரையையே பார்த்திருந்தான்.
ஒரு மீட்டர் முப்பத்தேழு.
இறங்கிக்கொண்டிருந்தது கடல்.