ஆரது

சரசாலைப் பனங்கூடல்.
இரவு பத்தரை. சைக்கிள் செயின் கழன்றுவிட்டது.
கிறீஸ் கையோடு குனிந்திருக்கிறேன்,
பின்னால் சரசரப்பு.

காவோலைதான்.
காற்றுக்கு உரசும், தெரியும்.
ஆனாலும் வாய் முந்திக்கொண்டது:
"ஆரது?"

"என்னது" என்றல்ல.

இப்படித்தான் இருந்திருக்கும்.
காற்றென்று திரும்பிப் படுத்தவன்
விடியலில் இல்லை.
ஆரோ என்று எழுந்து ஓடியவனின்
பிள்ளைகளின் பிள்ளைகள் நாங்கள்.
தொண்ணூறுகளிலும் அப்படித்தான் தப்பினோம்.

ஆரது, ஆரது என்று கேட்டு
பதில் வராத இடத்தில்
ஒரு கல்லை நட்டிருப்பான்.
பதில் சொல்லாதவருக்கும் பசிக்குமென்று
பிறகு ஆரோ பொங்கியிருப்பார்கள்.

செயினைக் கொழுவி ஏறினேன்.
வளைவில் வைரவர் சூலம்,
வாடிய செவ்வரத்தம்பூ.
நான் கும்பிடுவதில்லை.
இறங்கி,
அந்த நாலடியை மட்டும்
உருட்டிக்கொண்டு கடந்தேன்.