அடிக்கோடு

நாலு மில், பன்னிரண்டு வருஷம்,
நாற்பத்தெட்டு வரைபடம்.
வெள்ளிக்கிழமை வங்கிக்காரர் வருகிறார்.
கோடெல்லாம் ஒரே தடிமனில் இருக்கணும் என்றார்
அர்த்தனாரி சார்.
போன தடவை மின்னாம்பள்ளியில் பச்சையாக ஏறிய கிழங்கு விலை
அயோத்தியாபட்டணத்தில் ஊதாவாக இறங்கி
பாதிப் பேச்சில் அவரைக் கவிழ்த்துவிட்டதாம்.

மேக்ரோ பதிவை முடுக்கிவிட்டு
ஒன்றை மட்டும் கையால் திருத்தினேன்.
நிறுத்திப் பிரித்துப் பார்த்தால்
நான் செய்ததெல்லாம் அதில் இருக்கிறது:
தப்பான கோட்டைத் தொட்டது,
மூன்று முறை கீழே உருட்டி
மறுபடி மேலே வந்தது,
டீ வந்தபோது வெற்றுக் கட்டம் ஒன்றில் விரல் பட்டது.
தயக்கத்தையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும்
இப்படி ஒரு விசுவாசத்தை
இந்த மில்லில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

களைந்தேன். மிச்சம் பதினோரு வரி.
ஒவ்வொரு வரைபடமாகப் போ.
அதற்குள் ஒவ்வொரு கோடாகப் போ.
தடிமன் இரண்டேகால்.
முனைக்குப் புள்ளி வேண்டாம்.
வளைத்து மெழுகாதே, ஒடிகிற இடத்தில் ஒடியட்டும்.
கிழங்கு, டன்னுக்கு: செம்மண் நிறம்.
ஜவ்வரிசி, மூட்டைக்கு: கருநீலம்
(வெள்ளைக்கு வெள்ளை கொடுத்தால் தாளில் தெரியாது).
கூலி, நாளுக்கு: கறுப்பு.
அடுத்தது.

ஓடவிட்டேன்.
நாற்பத்தெட்டும் ஒரு தடவை கண் சிமிட்டிச்
சீருடை போட்டுக்கொண்டன.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
"பிரமாதம். ஆனா அடியில பாரு,
அச்சு ரெண்டு தடவை விழுந்திருக்கு.
கறுப்பை எடுத்துடு."

அது அச்சு இல்லை சார், கூலி.

அவர் அதற்குள் போனில் இருந்தார்.

டன்னுக்குப் பத்தாயிரம் நிற்கிற தாளில்
நாளுக்கு நானூறு எவ்வளவு எழும்பும்?
பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தேன்.
மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
பன்னிரண்டு வருஷத்தில் ஏறியது
ஒன்றரை.

வேறு வழி உண்டு: வலப்பக்கம் இரண்டாவது அச்சு,
கூலிக்கு மட்டும் தனி அளவு.
ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
கறுப்புக் கோடு அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு
கிழங்கைத் தாண்டி, ஜவ்வரிசியைத் தாண்டி
சேர்வராயன் மலை மாதிரி நின்றது.
பார்க்கிறவர்
கூலி கொடுத்தே மில் முழுகுகிறது என்பார்.
அந்த வரியை அழித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே களம்.
பெருமாயி பலகையால் ஈர மணியைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.
வெயில் கீழேயிருந்தும் அடிக்கிற தரை;
புருவம் மறையத் துண்டை இழுத்துவிட்டிருக்கிறாள்.
நேற்று கேட்டாள், கம்ப்யூட்டர்ல
எங்க பேரெல்லாம் ஏறுமா என்று.
சராசரி ஏறும்.
அதை நான் சொல்லவில்லை.
அவள் பலகை விட்டுப்போன கோடுகள்
களம் முழுக்க ஒரே தடிமன்.

"எடுத்தாச்சா?" என்று குரல் வந்தது.

அழிக்கவில்லை, ஒளித்தேன்.
அதற்கு ஒரு வரி இருக்கிறது:
தெரிதல், சமம், பொய்.
எண்கள் அங்கேயேதான் கிடக்கின்றன.

அந்த வரிக்கு மேலே
ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வைத்தேன்.
அதற்குப் பின்னால் எழுதுவதை இயந்திரம் படிக்காது,
பின்னால் வந்து திறக்கிற ஆள் படிக்கலாம்;
பச்சையாக நிற்கும்.
தமிழில் அடித்தேன்: இந்தக் கோடு அச்சு இல்லை.

அந்த ஜன்னலுக்குத் தமிழ் வராது என்பது
மறந்துபோயிற்று.

' ?????? ???? ????? ?????

அப்படியே சேமித்தேன்.
இனி மாதாமாதம் ஓடும்போது
அதைத் தாண்டித்தான் போகும்.