பத்துக் கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது.
பூனை குறுக்கே போகும், தக்காளி நாலு உருளும்,
முள் விழுந்த சத்தம்கூட இருக்காது.

மானிட்டர் வந்த அன்று
கூரியர்க்காரன் பெட்டியை மேடை நடுவில் வைத்துவிட்டுக்
கையெழுத்துக்கு உள்ளே வந்தான்.
திரையைப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்,
பதினெட்டுத் தவணை,
பெட்டியோடு ஏழரைக் கிலோ:
பூஜ்யம்.
ஆடாத சிவப்புப் பூஜ்யம்.

"பழசுல தெரியாதது இதுல என்னங்க தெரியுது?"
சுகுணா கேட்டாள்.
இருட்டு, என்றேன்.
பழைய திரையில் கறுப்பு என்பது
துவைத்துத் துவைத்துச் சாம்பலான பேண்ட்.
இதில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்,
வெயில் கண்ணைக் கூசும்.
"இருட்டுக்கா இத்தனை பணம்?
கரண்டு போனா சும்மாவே வருமே."
சிரிக்கவில்லை அவள்.
தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

நொடிக்கு இருநூற்று நாற்பது தடவை
படம் மாறும் என்று
தேங்காய் மண்டிக் கணக்கரிடம் சொன்னேன்.
டீசல் போட வந்தவர்களிடம் சொன்னேன்.
ராத்திரி ரோந்து ஏட்டிடமும் சொன்னேன்,
அவர் கேட்காமலே.
நல்லெண்ணெய் வழிகிற மாதிரிங்க, என்றேன்.
நாலு மாதம் இதையே சொன்னேன்.

மழையில் பிக்கப் நின்றுபோய்
ஒரு ராத்திரி வீட்டில் தங்கினான் ரெஜிமோன்,
கொழிஞ்சாம்பாறைக்காரன்.
செட்டிங்ஸைத் திறந்தவன் திறந்த மேனிக்கு என்னைப் பார்த்தான்.
"எடா கனகா,
இது அறுபதில் அல்லே ஓடுது?"

அறுபது.
நாலு மாதமாக அறுபது.
நல்லெண்ணெய்.

மாற்றிவிட்டான்.
அம்பை இழுத்தேன்; வால் இல்லாமல் வந்தது.
வந்ததா?
இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.
ஒருமுறை பொய்ச்சாட்சி சொன்ன கண்ணை
மறுபடி கூண்டில் ஏற்ற யோசனையாக இருந்தது.

அதனால் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள
அவன் சொல்லாமல் மாற்றினான், பத்து முறை.
எடைச்சீட்டின் பின்பக்கம் குறித்தோம்.
அறுபதா, நூற்று நாற்பத்து நாலா:
பத்துக்கு ஒன்பது சொன்னேன்.
ரெஜிமோன் விசிலடித்தான், சுகுணா தூக்கத்தில் புரண்டாள்.
நூற்று நாற்பத்து நாலா, இருநூற்று நாற்பதா:
பத்துக்கு ஐந்து.
நாணயம் சுண்டினாலும் ஐந்து வரும்.
அந்த இரண்டு திரைகளுக்கும் கடையில் வித்தியாசம்
இருபத்தோராயிரம்.
என் கண்ணின் பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கோ உருண்டு கிடக்கிறது அந்தப் பணம்.

வாங்கலாமா என்று இப்போது கேட்கிறவர்களிடம்
அந்தச் சீட்டைக் காட்டுகிறேன்.
ஒன்பதைப் பார்ப்பவர்கள் வாங்கப் போகிறார்கள்.
ஐந்தைப் பார்ப்பவர்களும்தான்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.
ஆபீஸ் திரையில் லாரி ஏறினால் எண்கள்
இப்போதெல்லாம் இழுத்து இழுத்து வருகின்றன.
முன்பு அப்படி இல்லை.
அதே திரை, அதே லாரி.
ஓட்டுநர்கள் கேட்கிறார்கள்,
"என்னண்ணா, மொறைக்கிறீங்க?"

போன ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில்
ஈரக்கையோடு சுகுணா பின்னால் வந்து நின்றாள்.
நான் குகைக்குள் இருந்தேன்.
ரெஜிமோன் காதில் ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.
வாசலில் வெயில் வெள்ளையாக எரிந்தது;
உள்ளே நான் காசு கொடுத்து வாங்கிய கறுப்பு,
சுத்தமான கறுப்பு.
அவள் குனிந்தாள்.
தேங்காய் வாசனை.
"ஏங்க, அங்க ஒருத்தன் நிக்கறானே"
என்றாள்,
இடது மூலையைக் காட்டி.

எனக்குத் தெரியவில்லை.
எங்கே என்று கேட்பதற்குள்
செத்துப்போனேன்.