ஆமென்னுக்குப் பிறகு

முதல் கேசட் அறுபத்துமூன்று விற்றது.
பதினெட்டு, சாலமோனின் அத்தைமார் வாங்கியது.
இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
மிச்சம் எண்ணூறும் சமாதானபுரத்து அறையில்
டிரம்ஸுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்தன.
எலி அதில் குட்டி போட்டது.

'ஏல சொரிமுத்து,
பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு ராக்கா?
சவம் சோறு போடுமால?'
போடவில்லை.
மீரான் மேலப்பாளையத்தில்
மச்சான் கறிக்கடையில் கல்லாவுக்குப் போனான்.
ஆம்ப்ளிஃபயர் சேட்டுக் கடைக்குப் போனது.
எண்ணூறையும் தலைக்கு இரண்டு ரூபாயென்று
முருகன்குறிச்சி தங்கையாவிடம் தள்ளினோம்.

தங்கையா எங்கள் மேல்
கன்வென்ஷன் பிரசங்கத்தைப் பதிந்து விற்றான்.
பக்கம் முப்பது நிமிடம்.
பிரசங்கம் இருபத்தாறு.

'கண்களை மூடுவோம். ஆமென்.'
ஒரு கரகரப்பு.
பிறகு, பாட்டின் நடுவயிற்றிலிருந்து
இசக்கியப்பனின் கிட்டார்.

நாசரேத்தில் ஒரு டீச்சர் பதறி அணைத்தாராம்.
மறுநாள் சாயங்காலம்
வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து மறுபடி போட்டாராம்.
டோனாவூர் கம்பவுண்டர் ஒருவர்
தங்கையாவுக்குக் கார்டு எழுதினார்:
'ஐயா, ஆமென்னுக்குப் பிறகு வருவது
முழுசாக எங்கே கிடைக்கும்?'
அந்த மாதம் நாற்பது கார்டு.

மூன்றாவதைப் பேட்டையில் ஒரு அரிசி மில்லில்
மோட்டார் ஓய்ந்த ராத்திரிகளில் பதிந்தோம்.
மீரான் வந்தான், கையில் ஆட்டுக்கொழுப்பு வாடையோடு.
தவிட்டுத் தூசியில் சாலமோன் தும்மியது
நான்காவது பாட்டில் இருக்கிறது, எடுக்கவில்லை.
எந்தப் பாட்டுக்கும் தொடக்கம் வைக்கவில்லை.
கார்டில் கேட்டதையே பெயராக வைத்தோம்.

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் பதினோராயிரம்.
ஜங்ஷன் டவுன்பஸ்ஸில் அதுதான்,
வள்ளியூர் பரோட்டாக் கடையில் அதுதான்.
மெட்ராஸ் கம்பெனிக்காரர் அம்பாசிடரில் வந்து
'பாட்டுக்குத் தலை வேண்டாமா தம்பி' என்றார்.
நான்காவதில் தலை வைத்தோம்.
அதையும் பேச வேண்டாம்.

இப்போது என்னிடம் மிஞ்சியது
அந்தப் பிரசங்க கேசட் ஒன்றுதான்.
திருநீறு பூசிய நெற்றியோடு
இருபத்தாறு நிமிடமும் கேட்கிறேன்,
ஓட்டித் தள்ளுவதில்லை.
பதினான்காம் நிமிடத்தில் போதகர் தண்ணீர் குடிப்பார்.
தம்ளரை வைக்கிற சத்தம்
சரியாகத் தாளத்தில் விழும்.