ஆறு விளக்குகள், வேறு தலைப்பில்

கடைசித் தவணை வெள்ளி நள்ளிரவு.
அவர்களுடைய நள்ளிரவு
நமக்கு விடிய மூன்றரை.
அந்த மூன்றரை மணித்தியாலத்தை
நான் யாருக்கும் சொல்லவில்லை.
சொன்னால் அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

திங்கள் காலை
ரோஸ் நிற நாடா கட்டிக்கொண்டு
கோவை என் மேசையிலிருந்து புறப்பட்டது.
இருபது பக்கம், ஒன்பது இணைப்பு.
முகத்துவாரத்தில் அறுபத்தெட்டாம் தோட்டம்,
நூற்று நாற்பத்தொரு குடும்பம்,
நாலு மலசலகூடம்,
அதில் ஒன்றுக்குக் கதவில்லை.
கேட்டது: புதிதாய் எட்டு,
ஒரு தண்ணீர்த் தாங்கி,
போகிற வழிக்கு ஆறு விளக்கு.

வரைபடத்தில் கான் எங்கே என்றார்
பொறியியலாளர் வீரரத்ன.
கான் தோட்டத்தில் இருக்கிறது சேர்,
வரைபடத்தில்தான் இல்லை என்றேன்.
சிரித்தபடி கையொப்பமிட்டார்.
சட்டப் பிரிவில் ரிஸ்மினா கேட்டாள்,
காணி யாருடையது?
யாருடையதும் இல்லை என்பதால்தான்
அங்கே இத்தனை பேர்.
அப்படி எழுத முடியாது.
'உறுதிப்படுத்தப்பட்டு வருகிறது'
என்று எழுதினோம்.
பத்து வருடமாக
உறுதிப்படுத்தப்பட்டுத்தான் வருகிறது.

ஞானசோதி அக்கா சொன்னது தமிழில்:
"இருட்டினாப் பிறகு நான்
தண்ணியே குடிக்கிறதில்ல பிள்ள."
விண்ணப்பத்தின் ஆங்கிலத்தில் அது
பாலினம்சார் அணுகல் இடைவெளி.
ஓரத்தில் சிங்களத்தில் ஒரு குறிப்பு:
பார்த்தேன்.

புதன்கிழமை ஆணையாளர் வெளிநாட்டில்.
பதில் ஆணையாளர் இருந்தார்,
பதில் இல்லை.
சபையின் பங்கு பத்து வீதம்,
அதற்கு ஒப்புக்கொள்ளத்
தனக்கு அதிகாரம் கிடையாதென்று
ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார்.
உண்டென்று சொல்லும்
இன்னொரு சுற்றறிக்கையை நான் காட்டினேன்.
இரண்டிலும் ஒரே ஆளின் கையொப்பம்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்திருந்துவிட்டு
"கணக்காளர் போட்டால் நானும் போடுகிறேன்."

வியாழன் பின்னேரம்
கணக்காளர் சல்டீனின் சிவப்புப் பேனை
ஆறு விளக்கின் மேலும் ஒரே கோடாய்ப் போனது.
"கட்டித் தந்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.
மாதா மாதம் கரண்ட் பில்
யார் தலையில் மிஸ்?"
கேள்வியில் பிழையில்லை.
அதுதான் எனக்குக் கோபம்.

வெளியே மழை.
நகர மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே நின்றேன்.
எதிர்ப் பூங்காவில் ஒரு சோடி
ஒரே குடைக்குள் சண்டை பிடித்தது.
பியோன் அந்தோனி பிளேன் டீ கொண்டுவந்து
ஒன்றும் கேட்காமல் நீட்டினான்.
பாதி குடித்த பிறகு
மீதி இறங்கவில்லை.

வெள்ளி காலை
மின்சாரத் தலைப்பிலிருந்து விளக்குகளை எடுத்தேன்.
பதினாலாம் பக்கத்தில்,
பாதுகாப்பு உபகரணங்கள் என்ற தலைப்பில்,
தீயணைப்பு வாளிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் நடுவில்
'ஒளியூட்டும் அலகு - 6'.

சல்டீன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.
பதினாலில் பேனை நின்றது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி போட்டுக்கொண்டார்.
"வாளி எத்தனை?"
"நாலு சேர்."
"நாலு போதுமா?"
"போதும் சேர்."
"ம்."
கையொப்பம் வழக்கத்தைவிடச் சின்னதாய் இருந்தது.

நாலு பத்துக்குப் பதில் ஆணையாளர்.
நாலரைக்கு ஸ்கேனர் பழுது.
ஆறரைக்குத் தெமட்டகொடையில் ஒரு கடை,
கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பின்னால் வரிசை.
வீட்டில் இரண்டு ஐம்பது வரை
திரையில் ஒரு சின்ன வட்டம்
தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.
மூன்று இருபதுக்கு வந்தது:
'கிடைத்தது.
இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.'
பிறகு போத்தலை எடுத்து
நிறையத் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை
என் மேசையில் ஒரு புதுக் கோவை.
சபையின் முன் அனுமதியின்றி
விண்ணப்பம் அனுப்பியது ஏன்?
மூன்று பிரதிகளில் விளக்கம் தருக.

விளக்கம் என்று தொடங்கி
'ம்' வரை வந்து
அடித்துவிட்டேன்.