ஐந்து புள்ளி ஒன்று

முதல் இரவு எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதுக்குமேல் விட்டுவிட்டேன்.
பெரியது வந்து
தால்காவின் மண்கல் வீடுகளைத்
தெருவில் கொட்டிவிட்டுப் போயிருந்தது.
இவையெல்லாம் அதன் பாக்கி.

விடியுமுன் பவுதீலியோ வந்தான்,
ஆறு வருஷத்துக்கு முன்
நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன்.
ஒரு காலில் செருப்பு, மறு காலில் பூட்ஸ்,
தோளில் கேஸ் சிலிண்டர்.
"இருக்கியா?" என்றான்.
"இருக்கேன்."
அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

சதுக்கத்தில் ஒரே தார்ப்பாய்.
அந்த ஓரம் அவன், இந்த ஓரம் நான்,
நடுவில் எர்சீலியாவும் அவள் தையல் மிஷினும்.
குறுக்குக் கயிற்றில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டான்.
கரண்டி ஆடினால் ஆளுக்கொரு எண் சொல்வோம்:
நாலரை.
இல்லை, நாலே முக்கால்.
பிறகு ரேடியோ சொல்லும்.
எப்போதும் எர்சீலியாதான் ஜெயிப்பாள்.
"எலும்புல கேக்குது" என்பாள்,
மிஷினுக்கு எண்ணெய் விட்டபடி.

ஐந்து புள்ளி ஒன்றில்
நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.
சட்டையை மட்டும்தான்.
சுண்ணாம்புத் தூசியும் திராட்சைப் புளிப்புமாக ஒரு வாடை.
ஆட்டம் நின்ற செய்தி
என் விரல்களுக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரமானது.
எர்சீலியா ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்,
ஏற்கெனவே தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பையன்,
கையில் அட்டை, அட்டையில் இறங்குகிற கோடு.
முதல் நாள் நூறு என்றால்
பத்தாம் நாள் பத்து,
நூறாம் நாள் ஒன்று,
பயப்படாதீர்கள் என்றான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நான் கோட்டின் நுனியைத் தேடினேன்.
அது தரையைத் தொடவே இல்லை,
அட்டைதான் முடிந்துபோயிருந்தது.

ஏப்ரலில் கரண்டி சும்மா இருக்கப் பழகிக்கொண்டது.
அதில் ஈ உட்கார்ந்தது.
ராத்திரிகளில் கண்ணை மூடாமல்
ஒரு மூன்றரையாவது வரட்டுமென்று படுத்திருந்தேன்.
யாருக்கும் சேதமில்லாத மூன்றரை.
இதை எந்தப் பாதிரியாரிடமும் சொல்ல முடியாது,
தேவாலயமும் இல்லை.

லினாரெஸில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது.
போர்வையை நாலாக மடித்தான்,
எப்போதும் போல ஓரம் ஓரத்தோடு சேராமல்.
"சிலிண்டர் இருக்கட்டும், பாதிக்குமேல இருக்கு."
அப்போது தரை உறுமியது.
இருவரும் நிமிர்ந்தோம்.

லாரி.
இடிபாடு ஏற்றிப்போகும் லாரி.

"நாலு" என்றேன்.

கரண்டி அசையவில்லை.
அவன் அதையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
"நாலு புள்ளி மூணு" என்றான்.